அனோதென்: ‘மேலிருந்து’ மட்டும்தானா? (பைபிள் மொழிபெயர்ப்புத் திரியிலிருந்து பிரித்தது)

ஓலைச்சுருள் | ஞாயிறு இரவு 9.40

நேற்று மொழிபெயர்ப்புத் திரியில் நண்பர் ஐந்தாம்வேற்றுமை போகிற போக்கில் ஒன்றை எழுதிவிட்டுப் போனார். அப்படியே தருகிறேன்:

“யோவான் 3:3-இல் ‘மறுபடியும் பிறவாவிட்டால்’ என்று இருப்பது கிரேக்கம் தெரியாதவர்களின் கைவேலை. மூலத்தில் உள்ள சொல் அனோதென். அதற்கு ‘மேலிருந்து’ என்பது ஒன்றே பொருள். ‘மறுபடியும்’ என்ற பொருள் அதற்குக் கிடையவே கிடையாது.”

ராத்திரி முழுக்க இந்தக் ‘கிடையவே கிடையாது’ காதில் கொசு மாதிரி ரீங்காரம் போட்டது. அதனால் தனித்திரி.

விஷயம் தெரியாதவர்களுக்கு: நிக்கொதேமு என்ற பரிசேயர் இரவில் இயேசுவைப் பார்க்க வருகிறார். அனோதென் பிறக்காதவன் தேவனுடைய ராஜ்யத்தைக் காணமாட்டான் என்கிறார் இயேசு. வயதானவன் தாயின் கர்ப்பத்தில் ‘இரண்டாந்தரம்’ நுழைய முடியுமா என்று கேட்கிறார் நிக்கொதேமு. அனோ என்றால் மேலே. தென் என்றால் இருந்து. இதில் யாருக்கும் சண்டை இல்லை. ஆனால் இந்தச் சொல் புதிய ஏற்பாட்டில் 13 இடங்களில் வருகிறது, எல்லா இடத்திலும் ஒரே வேலை செய்யவில்லை. மத்தேயு 27:51-இல் தேவாலயத் திரைச்சீலை ‘மேல்தொடங்கிக் கீழ்வரைக்கும்’ கிழிகிறது. யாக்கோபு 1:17-இல் நல்ல ஈவு ‘பரத்திலிருந்து’ வருகிறது. லூக்கா 1:3-இல் ‘ஆதிமுதல்’ விசாரித்தேன் என்கிறார். கலாத்தியர் 4:9-இல் ‘மறுபடியும்’. நம் பழைய தமிழ் மொழிபெயர்ப்பே ஒரு சொல்லுக்கு இத்தனை சொல் போட்டிருக்கிறது. போட்டவர்களுக்குக் கிரேக்கம் தெரியாதாம்!

ஜெரோம் செய்த லத்தீன் மொழிபெயர்ப்பான வுல்காத்தாவில் 3:3-க்கு ‘தெனுவோ’, அதாவது புதிதாக, மறுபடியும். அதே அதிகாரம் 31-ஆம் வசனத்தில் அதே கிரேக்கச் சொல்லுக்கு ‘தெசுர்சும்’, மேலிருந்து. ஜெரோமுக்கும் கிரேக்கம் தெரியாது என்று சொல்லிவிடுங்கள், நான் போய்ப் படுத்துக்கொள்கிறேன்.

ஐந்தாம்வேற்றுமை | ஞாயிறு இரவு 10.05

வாங்க ஓலைச்சுருள். ‘அகாபே’, அதாவது அன்பு என்ற கிரேக்கச் சொல் பற்றிய திரியில் பாதியில் காணாமல் போனவர் இங்கே வந்து முளைத்திருக்கிறீர்கள், சந்தோஷம்.

13 இடங்களில் நீங்கள் எடுத்துக்காட்டியதில் ஒன்றைத் தவிர எல்லாம் என் கட்சிக்குச் சாட்சி. மேல், பரம், ஆதி. எல்லாமே ஓரிடத்தை விட்டுக் கிளம்புவது. நம் இலக்கணத்தில் ஐந்தாம் வேற்றுமை, நீங்கல் பொருள். ‘மலையின் வீழருவி’ என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். அந்த ‘இன்’ செய்யும் வேலையைத்தான் கிரேக்கத்தில் ‘தென்’ செய்கிறது. ஒய்கொதென், வீட்டிலிருந்து. அதேனேதென், ஏதென்சிலிருந்து. ஊரனொதென், வானத்திலிருந்து. அனோதென், மேலிருந்து. ‘வீட்டிலிருந்து’ என்பதற்கு யாராவது ‘மறுபடியும்’ என்று பொருள் சொல்வார்களா?

மிச்சம் இருப்பது கலாத்தியர் 4:9. அங்கே மூலத்தில் இருப்பது ‘பலின் அனோதென்’. பலின் என்றால் மறுபடியும். மாப்பிள்ளை பலின், அனோதென் பக்கத்தில் நிற்கும் தோழன். தோழனுக்கு மாலை போடாதீர்கள்.

ஒரே கேள்வி. பலின் துணை இல்லாமல், அனோதென் தனியாக நின்று ‘மறுபடியும்’ என்று பொருள் தரும் ஒரே ஒரு இடம் காட்டுங்கள். ஒன்றே ஒன்று.

சின்னசபை | ஞாயிறு இரவு 10.31

சகோதரர்களே, மறுபடியும் பிறப்பது அகராதியில் தேடுகிற காரியம் இல்லை, அனுபவிக்கிற காரியம். எனக்கு அது நடந்த நாளும் நேரமும் ஞாபகம் இருக்கிறது.

ஐந்தாம்வேற்றுமை | ஞாயிறு இரவு 10.33

நடந்தது மேலிருந்து நடந்ததா, மறுபடியும் நடந்ததா என்பதுதான் கேள்வி ஐயா.

சின்னசபை | ஞாயிறு இரவு 10.34

இரண்டும்.

ஓலைச்சுருள் | ஞாயிறு இரவு 10.58

பார்த்தீர்களா, சின்னசபை ஐயா ஒரே சொல்லில் முடித்துவிட்டார்.

ஒரே ஒரு இடம் கேட்டீர்கள். ஆர்ட்டெமிடோரஸ், 2ஆம் நூற்றாண்டு, கனவுகளுக்குப் பலன் எழுதியவர். ஒருவன் தானே பிறப்பதுபோல் கனவு கண்டால் என்ன பலன் என்று சொல்கிறார். மனைவி கருவுற்றிருந்தால் அவனைப் போலவே ஒரு மகன் பிறப்பான். அப்போது அவனே ‘அனோதென்’ பிறந்ததுபோல் இருக்கும். அதே சொல், கூடவே பிறத்தல் என்ற வினை. பலின் கிடையாது. மகன் அப்பனை உரித்து வைத்திருந்தால் ‘மேலிருந்து’ பிறந்தான் என்பதா, ‘மறுபடியும்’ பிறந்தான் என்பதா? எங்கள் ஊரில் ‘தாத்தாவே வந்து பிறந்திருக்கிறார்’ என்று தொட்டில் பக்கத்தில் நின்று சொல்வார்களே, அதேதான்.

ஐந்தாம்வேற்றுமை | ஞாயிறு இரவு 11.20

கனவுப் புத்தகம். அதுவும் யோவானுக்குப் பிந்தியது. நாளைக்குப் பல்லி விழும் பலனையும் ஆதாரமாகக் கொண்டுவருவீர்கள் போல.

யோவான் காலத்திலோ அதற்கு முன்போ, பலின் இல்லாமல், ஒரே ஒரு இடம்.

ஓலைச்சுருள் | ஞாயிறு இரவு 11.41

‘யோவான் காலத்திலோ அதற்கு முன்போ’ என்பது இப்போதுதான் முளைத்தது. 10.05-க்கு இல்லை.

சரி. யூத வரலாற்றாசிரியர் ஜோசிபஸ், கிரேக்கத்தில் எழுதிய ‘யூதர்களின் பழமை’, முதல் புத்தகம். எழுதி முடித்தது கி.பி. 93-94 வாக்கில், யோவான் சுவிசேஷத்துக்கு ஏறக்குறைய அதே காலம். அபிமெலேக்கு ஈசாக்கை விரட்டிவிட்டு, பிறகு பயந்து வந்து அவரோடு ‘அனோதென்’ நட்பு செய்துகொள்கிறான். பலின் கிடையாது. விரட்டியவன் திரும்ப வந்து உறவு கொண்டாடுகிறான் என்றால் வேறு என்ன பொருள்?

ஐந்தாம்வேற்றுமை | ஞாயிறு இரவு 11.52

‘பழைய காலத்திலிருந்து’ வந்த நட்பு என்றும் சொல்லலாம். அபிமெலேக்குக்கு ஆபிரகாம் காலத்திலேயே இந்தக் குடும்பத்தோடு உடன்படிக்கை உண்டு. இருந்து. நீங்கல் பொருள். நான் 22 வருடமாக இந்த மொழியைத் தனியாக உட்கார்ந்து படிக்கிறேன் ஓலைச்சுருள். எந்தச் செமினரியும் எனக்குக் கட்டில் போட்டுச் சோறு போடவில்லை.

ஒரே ஒரு இடம். பலின் இல்லாமல்.

ஆதிமொழி | திங்கள் காலை 6.15

அன்பர்களே, இரண்டு நாளாகப் படித்துக்கொண்டு பொறுமையாக இருந்தேன். சொல்லின் வேரை ஏன் யாரும் தொடவில்லை? அண் என்பது தமிழில் மேல். அண்ணாந்து பார்க்கிறோம். மூத்தவன் அண்ணன். உயர்ந்தவன் அண்ணல். கிரேக்கன் அதை அனோ என்று எடுத்துக்கொண்டான். அப்புறம் ‘தென்’. தென்றல் எங்கிருந்து வருகிறது? தெற்கிலிருந்து. ‘இருந்து’ என்ற பொருள் அங்கே கிடைக்கிறது. அண் + தென் = அனோதென். வள்ளுவரும் ‘அண்ணாத்தல் செய்யாது அளறு’ என்கிறார். கிரேக்கக் கப்பல்கள் முசிறிக்கு வந்து மிளகை மட்டும்தான் ஏற்றிக்கொண்டு போயினவா? சிந்திக்க.

ஐந்தாம்வேற்றுமை | திங்கள் காலை 6.50

முசிறிக்குக் கப்பல் வரும் முன்பே அனோ என்ற சொல் கிரேக்கத்தில் பழசாகிவிட்டது. அது ‘அனா’ என்ற முன்னொட்டோடு ஒட்டியது. ஆங்கிலத்தின் ‘ஆன்’, ஜெர்மானியத்தின் ‘அன்’, கோத்தியத்தின் ‘அன’ எல்லாம் அதன் பங்காளிகள். அண் பக்கத்து வீடுகூட இல்லை. அடுத்தது, தென்றலில் ‘தென்’ என்றால் தெற்கு. ‘இருந்து’ இல்லை. உங்கள் கணக்குப்படி வடக்கிலிருந்து வரும் வாடைக்கும் ‘இருந்து’ என்று பொருள் வர வேண்டும்.

அதுவும் போக, அந்தக் குறளில் அண்ணாத்தல் என்றால் வாய்திறத்தல். நரகம் வாயைத் திறக்காது என்பதுதான் அங்கே செய்தி. மேலே பார்ப்பது இல்லை.

ஆதிமொழி | திங்கள் காலை 7.02

வாயைத் திறக்கத் தலையை மேலே தூக்க வேண்டாமா? அண்ணாந்து தண்ணீர் குடித்ததில்லையா நீங்கள்?

ஓலைச்சுருள் | திங்கள் காலை 7.30

ஐயா ஆதிமொழி, அண் பற்றி நீங்கள் சொன்னது தமிழுக்குச் சரி. கிரேக்கத்துக்கு ஒட்டவில்லை. இதில் ஐந்தாம்வேற்றுமையோடு உடன்படுகிறேன், வேண்டுமானால் இன்றைய தேதியைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் நண்பரே, நேற்று இரவு ஜோசிபசை ‘பழைய காலத்திலிருந்து’ என்று தட்டிவிட்டீர்கள். ஒன்றைக் கவனித்தீர்களா? ‘மேலிருந்து மட்டும்தான்’ என்று தொடங்கியவர் இப்போது ‘பழைய காலத்திலிருந்து’ என்பதை ஒப்புக்கொண்டுவிட்டீர்கள். காலப்பொருள் வந்துவிட்டது. மேலே என்பது முதலில் என்று ஆனால், ‘முதலிலிருந்து’ என்பது ‘மறுபடியும்’ ஆக இன்னும் ஓர் அடிதான் பாக்கி. என் பெண் மூன்றாம் வகுப்பு. வாய்ப்பாடு ஒப்பிக்கும்போது நடுவில் தடுக்கினால் அவள் அம்மா சொல்வது ‘மேலேயிருந்து சொல்லு’. குழந்தை மாடிக்கா போகிறது? ‘ஓரேழு ஏழு’ என்று மறுபடியும் ஆரம்பிக்கிறது.

ஐந்தாம்வேற்றுமை | திங்கள் காலை 8.04

‘இதற்கு மேல் பேசாதே.’ ‘நாலு மணிக்கு மேல் வா.’ ‘இனிமேல் இப்படிச் செய்யாதே.’ இந்த மூன்றிலும் மேல் என்றால் பின்னால். உங்கள் வீட்டு வாய்ப்பாட்டை வைத்துக் கிரேக்கம் படிக்க வேண்டும் என்றால், அனோதென் என்பதற்கு ‘எதிர்காலத்திலிருந்து’ என்றும் பொருள் கொள்ளலாம். தமிழைத் தமிழில் விட்டுவிடுங்கள்.

பலின் இல்லாமல். ஒரே ஒரு இடம்.

வக்காலத்து | திங்கள் காலை 9.45

கோர்ட்டுக்குக் கிளம்பும் அவசரத்தில் எழுதுகிறேன். சட்டம் பக்கமிருந்து ஒரு சாட்சி இருக்கிறது, யாரும் கூப்பிடவில்லை. ஹார்ப்போக்கிராத்தியோன் என்பவர் ஏதென்சின் பேச்சாளர்களுக்காக ஓர் அகராதி செய்தார். அதில் ‘அனதிகாசஸ்தாய்’ என்ற சொல் வருகிறது. ஒருமுறை தீர்ப்பான வழக்கைத் திரும்ப நடத்துவது. அதற்கு அவர் தரும் விளக்கம் ‘அனோதென் வழக்காடுவது’. பலின் இல்லை, கனவு இல்லை, தாத்தா இல்லை. சுத்தமான மறுவிசாரணை.

ஐந்தாம்வேற்றுமை | திங்கள் காலை 10.10

வக்கீல் சார், மறுவிசாரணைக்கு நம் ஊரில் எங்கே போவீர்கள்? மேல் கோர்ட்டுக்கு. அங்கே போட்டால் அதன் பெயர் என்ன? மேல்முறையீடு. மேல்! என் கட்சிக்கு வாதாடியதற்கு நன்றி, ஃபீஸ் அனுப்பிவைக்கிறேன்.

வக்காலத்து | திங்கள் காலை 10.12

தமிழைத் தமிழில் விட்டுவிடச் சொல்லி இரண்டு மணி நேரம்தான் ஆகிறது.

மேலும், பழைய ஏதென்சில் குடிமக்கள் நடுவர்மன்றத்துக்கு மேலே இன்னொரு கோர்ட்டு கிடையாது. ‘மேலிருந்து’ வழக்காட அங்கே மாடியே இல்லை.

மௌனவாசகி | திங்கள் பகல் 1.20

நான் இங்கே படிப்பதோடு சரி, எழுதுவதில்லை. ஒன்று மட்டும். எங்கள் அம்மம்மா கோட்டயம் பக்கம், சுறியானிக் கிறிஸ்தவக் குடும்பம். அதனால் பெஷித்தா, அதாவது பழைய சிரியாக் மொழிபெயர்ப்பு, வீட்டில் பழக்கம். அதில் யோவான் 3:3-இல் இருப்பது ‘மென் தெரீஷ்’. சொல்லுக்குச் சொல் பார்த்தால் ‘தலையிலிருந்து’. வழக்கில் அதன் பொருள் முதலிலிருந்து, மறுபடியும். அதே அதிகாரம் 31-ஆம் வசனத்தில் வேறு சொல், ‘மென் லெஎல்’, மேலிருந்து. கிரேக்கத்தோடு அக்கம்பக்கமாக வாழ்ந்த மொழி அது. அவர்கள் காதில் இரண்டும் இரண்டாக விழுந்திருக்கின்றன.

ஓலைச்சுருள் | திங்கள் பகல் 1.35

அக்கா, இவ்வளவு நாள் எங்கே இருந்தீர்கள்! தலையிலிருந்து என்றாலும் மறுபடியும் என்று ஆகிறது பாருங்கள். ஒட்டு வேறு, மொழி வேறு, போன வழி அதே வழி.

ஐந்தாம்வேற்றுமை | திங்கள் பகல் 2.02

சகோதரிக்கு வணக்கம். ஆனால் அது மொழிபெயர்ப்பு. லத்தீன் மொழிபெயர்ப்பு. தமிழ் மொழிபெயர்ப்பு. நான் கேட்டது கிரேக்கத்தில். தப்பாக மொழிபெயர்த்தவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிக்காட்டினால் தப்பு சரியாகிவிடாது.

இன்னொன்று. இயேசுவும் நிக்கொதேமுவும் பேசியது அரமேயத்தில் என்றால், இந்த இரட்டைப் பொருள் அங்கே கிடையாது. ஆகவே உரையாடலே இப்படி நடந்திருக்க முடியாது என்று ஆய்வாளர்கள் சிலர் சொல்கிறார்கள். அதற்கு என் பதில் எளிது. இரட்டைப் பொருளே இல்லை, ஆகவே சிக்கலே இல்லை. மேலிருந்து பிறக்க வேண்டும் என்றார், அவ்வளவுதான். உங்கள் கட்சிதான் அந்த உரையாடலுக்குக் குழி தோண்டுகிறது, நான் இல்லை.

சின்னசபை | திங்கள் பகல் 2.15

இதை எதிர்பார்க்கவில்லை. தம்பி நம்ம பக்கமா?

ஐந்தாம்வேற்றுமை | திங்கள் பகல் 2.16

நான் இலக்கணத்தின் பக்கம்.

ஓலைச்சுருள் | திங்கள் மாலை 4.50

சரி, இலக்கணத்தின் பக்கமே வருகிறேன். நிக்கொதேமு ‘இரண்டாந்தரம்’ என்கிறார். மூலத்தில் ‘தெயூதெரோன்’. அனோதென் காதில் விழுந்ததும் அவர் வாயில் வருவது ‘இரண்டாந்தரம்’. அந்தச் சொல்லில் மறுபடியும் என்ற பொருளுக்கு இடமே இல்லை என்றால் அவருக்கு எங்கிருந்து வந்தது? தப்பாகப் புரிந்துகொள்ளவும் சொல்லில் ஒரு சந்து இருக்க வேண்டும். யோவானுக்கு இது வாடிக்கை. ஆலயத்தை இடியுங்கள் என்றால் கட்டடத்தை நினைக்கிறார்கள். ஜீவத்தண்ணீர் என்றால் சமாரியப் பெண் ‘மொண்டுகொள்ள உம்மிடம் பாத்திரம் இல்லையே’ என்கிறாள். ஒவ்வொரு தடவையும் சொல் இரண்டு பக்கமும் திறக்கும் கதவு.

ஐந்தாம்வேற்றுமை | திங்கள் மாலை 5.25

இந்த ஒன்றுக்காகத்தான் காத்திருந்தேன். நிக்கொதேமு கிழவர். ஏற்கெனவே ஒருமுறை பிறந்தவர். பிறந்தவனைப் பார்த்து ‘மேலிருந்து பிற’, ‘கீழிருந்து பிற’, ‘திண்டுக்கல்லிலிருந்து பிற’, எது சொன்னாலும் அது இரண்டாவது பிறப்புத்தானே? ‘இரண்டாந்தரம்’ என்பது பிறத்தல் என்ற வினையிலிருந்து வருகிறது, அனோதென்னிலிருந்து இல்லை. அவர் அனோதென்னைக் காதிலேயே வாங்கவில்லை. அதுதான் அவர் செய்த பிழை.

யோவானுக்கு மறுபடியும் என்று சொல்ல வேண்டுமென்றால் கையில் பலின் இருந்தது. அவருடைய சுவிசேஷத்தில் 40-க்கும் மேற்பட்ட இடங்களில் பலின் போட்டவர், இங்கே மட்டும் போட மறந்துவிட்டாரா? ‘அனகென்னான்’ என்ற வினையும் இருந்தது, மறுபடி பிறப்பித்தல். பேதுருவின் முதல் நிருபத்தில் இரண்டு தடவை வருகிறது. எல்லாவற்றையும் விட்டுவிட்டு அனோதென்னை எடுத்தார். ஏன்?

ஓலைச்சுருள் | திங்கள் மாலை 5.40

அதே கேள்வியைத் திருப்பிப் போடுகிறேன். மேலிருந்து என்று மட்டும் சொல்ல வேண்டுமென்றால் ‘வானத்திலிருந்து’ என்ற சொல் அவர் கையில் இருந்தது. அதே 3ஆம் அதிகாரத்தில் 13, 27, 31 வசனங்களில் போட்டும் இருக்கிறார். அதை விட்டுவிட்டு அனோதென்னை எடுத்தார். ஏன்? இரண்டையும் ஒரே சொல்லில் கட்ட வேண்டியிருந்தது, அதனால்.

(திண்டுக்கல் நன்றாக இருந்தது, ஒப்புக்கொள்கிறேன்.)

ஐந்தாம்வேற்றுமை | திங்கள் மாலை 5.44

ஒப்புக்கொள்ள வேண்டியது திண்டுக்கல்லை இல்லை.

குழித்தறி | திங்கள் இரவு 8.30

வணக்கம். நான் நெசவுக்காரன், கிரேக்கம் தெரியாது. ஓலைச்சுருள் கொடுத்த 13 இடங்களை ஒவ்வொன்றாகத் தமிழில் பார்த்தேன். யோவான் 19:23-இல் இயேசுவின் அங்கி ‘தையலில்லாமல் மேலே தொடங்கி முழுவதும் நெய்யப்பட்டதாயிருந்தது’ என்று இருக்கிறது. கேட்டதற்கு அங்கேயும் அனோதென்தான் என்றார்.

எங்கள் குழித்தறியில் மேலும் கிடையாது கீழும் கிடையாது. பாவு படுத்திருக்கும். நாம் குழியில் காலை விட்டு உட்கார்ந்து நாடாவை எறிகிறோம், நெய்ததைப் படைமரத்தில் சுற்றுகிறோம். ‘மேலே தொடங்கி’ நெய்வது எப்படி என்று புரியாமல் படம் தேடினேன். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் ஓர் எண்ணெய்க் குடுவை இருக்கிறது, கி.மு. 550 வாக்கில் செய்தது. இரண்டு பெண்கள் நின்றுகொண்டு நெய்கிறார்கள். தறி சுவர் மாதிரி நிற்கிறது. பாவு நூல் மேல்கட்டையிலிருந்து தொங்குகிறது, நுனியில் எடைக்கல். அந்தத் தறியில் முதல் ஊடை மேலேதான் விழும். அதைக் கீழிருந்து மேலே தட்டி நெருக்குவார்கள். துணி மேலிருந்து கீழே இறங்கி வரும்.

அப்போது மேல் என்பதே ஆரம்பம். இழை அறுந்து வேலை கெட்டுப்போனால், பிரித்துவிட்டு மறுபடி போட வேண்டிய இடமும் அதே மேல்தான். மேல், முதல், மறுபடி மூன்றும் ஒரே கட்டையில் இருக்கின்றன. எனக்குத் தோன்றியது இவ்வளவுதான். தவறு என்றால் சொல்லுங்கள்.

ஓலைச்சுருள் | திங்கள் இரவு 8.41

அண்ணே, செமினரியில் மூன்று வருஷம் கிரேக்கம் படித்தேன். ஒரு வகுப்பில்கூட யாரும் தறியைக் காட்டவில்லை.

ஐந்தாம்வேற்றுமை | திங்கள் இரவு 9.10

அருமையான பதிவு குழித்தறி அண்ணா, தொழில் தெரிந்தவர் பேச்சு தனிதான். ஆனால் அங்கி மேலிருந்து நெய்யப்பட்டது என்றுதானே நீங்களும் சொல்கிறீர்கள்? மேலிருந்து. மறுபடியும் நெய்யப்பட்டது என்று இல்லையே. பழைய அங்கியைப் பிரித்தா நெய்தார்கள்?

பலின் இல்லாமல், ஒரே ஒரு இடம்.

குழித்தறி | திங்கள் இரவு 9.14

நான் சொன்னது அது இல்லை.

வக்காலத்து | திங்கள் இரவு 9.30

அண்ணே, விடுங்கள். குறுக்கு விசாரணையில் சாட்சி சொன்னதில் பாதியைத்தான் காதில் வாங்குவார்கள்.

ஓலைச்சுருள் | திங்கள் இரவு 10.05

இன்னும் ஒன்று. ஆதிசபை அறிஞர் ஒரிகேன் யோவான் சுவிசேஷத்துக்கு எழுதிய உரையில் ‘பவுலின் நடபடிகள்’ என்ற பழைய நூலிலிருந்து கிறிஸ்து சொல்வதாக ஒரு வரி எடுத்துக்காட்டுகிறார். ‘அனோதென் சிலுவையில் அறையப்படப் போகிறேன்.’ பலின் கிடையாது. மேலிருந்து சிலுவையில் அறைவது எப்படி? ஏணி வைத்தா?

ஐந்தாம்வேற்றுமை | திங்கள் இரவு 10.20

தள்ளுபடி ஆகமம். சபை ஏற்காத நூல்.

ஓலைச்சுருள் | திங்கள் இரவு 10.22

சபை ஏற்காவிட்டால் கிரேக்கம் கிரேக்கமில்லை என்று ஆகிவிடுமா? நேற்று வரை நீங்கள் இலக்கணத்தின் பக்கம்.

முதலில் எந்த இடமாக இருந்தாலும் சரி என்றீர்கள். அப்புறம் யோவான் காலம். அப்புறம் ஆகமம். சின்ன வயதில் எங்கள் தெருவில் ஒருத்தி பாண்டி ஆடுவாள். சில்லு கோட்டில் விழுந்தால் காலால் கோட்டை அழித்துவிட்டுத் தள்ளி வரைவாள். அவள் ஞாபகம் வருகிறது.

ஐந்தாம்வேற்றுமை | திங்கள் இரவு 10.35

அகாபே திரியில் நான் கேட்டதற்குப் பதில் சொல்லாமல் ஓடியவர் கோடு பற்றிப் பேசுகிறார். யோவான் 21-இல் ‘நேசிக்கிறாயா’ என்று இயேசு பேதுருவிடம் கேட்பது இரண்டு தடவை அகாபான், மூன்றாவது தடவை பிலேன். இரண்டும் ஒரே பொருள் என்று சொல்லிவிட்டு நான்கு மாதமாகக் காணோம். அங்கே இரண்டு சொல்லுக்கு ஒரே பொருள், இங்கே ஒரு சொல்லுக்கு இரண்டு பொருள். உங்கள் வசதிக்குத் தகுந்த கிரேக்கம்.

ஓலைச்சுருள் | திங்கள் இரவு 10.37

நான்கு மாதமும் அப்பாவோடு ஆஸ்பத்திரியில் இருந்தேன். அதை அங்கேயே எழுதியும் இருந்தேன்.

ஐந்தாம்வேற்றுமை | திங்கள் இரவு 10.49

அதைப் பார்க்கவில்லை. அப்பா எப்படி இருக்கிறார்?

ஓலைச்சுருள் | திங்கள் இரவு 10.50

வீட்டுக்கு வந்துவிட்டார். நடக்கிறார்.

ஐந்தாம்வேற்றுமை | திங்கள் இரவு 10.52

நல்லது. இருந்தாலும் அகாபே கேள்வி அப்படியே நிற்கிறது.

ஆதிமொழி | செவ்வாய் காலை 6.05

எல்லாரும் ஒன்றைக் கவனிக்கத் தவறிவிட்டீர்கள். தமிழில் மீ என்றால் மேல். மீமிசை. மீண்டும் என்றால் மறுபடியும். மேலும் மறுபடியும் ஒரே வேரில் இருப்பது உலகில் தமிழில் மட்டும்தான். நீங்கள் மூன்று நாளாக அடித்துக்கொள்ளும் சிலேடை எங்களிடம் எப்போதோ இருக்கிறது.

ஐந்தாம்வேற்றுமை | செவ்வாய் காலை 6.30

மீண்டும் என்பது மீள் என்ற வினையிலிருந்து வருவது. மீள், மீண்டு, மீண்டும். ஆள், ஆண்டு மாதிரி. மீமிசையில் உள்ள மீ வேறு. காலையிலேயே தொடங்காதீர்கள்.

தவிர, ஆரம்பத்திலிருந்து எல்லாரும் ‘அனோதென்’ என்று எழுதுகிறீர்கள். அங்கே இருப்பது தீட்டா என்ற எழுத்து, பழங்காலத்தில் மூச்சு கலந்த த. ‘அனோத்ஹென்’ என்றுதான் எழுத வேண்டும்.

வக்காலத்து | செவ்வாய் காலை 9.20

நீங்களே எழுதினீர்கள் ‘அனோதென்’ என்று. எண்ணிப் பார்த்தால் இந்தத் திரியில் அதிகம் எழுதியவர் நீங்கள்தான்.

மட்டுறுத்துநர் | செவ்வாய் காலை 9.50

குறள், முசிறி, மீமிசை பற்றி வந்த ஏழு பதிவுகளைப் ‘பொது’ பகுதிக்கு நகர்த்தியிருக்கிறேன். தனிப்பட்ட குத்தல்கள் வேண்டாம். தலைப்பை ஒட்டிப் பேசுங்கள்.

ஆதிமொழி | செவ்வாய் காலை 9.58

தமிழைப் பற்றிப் பேசினால் நகர்த்துவீர்கள், கிரேக்கத்துக்கு மட்டும் மூன்று நாள் திண்ணை போட்டுக் கொடுப்பீர்கள். நல்ல தமிழ் மன்றம்.

மௌனவாசகி | செவ்வாய் பகல் 12.40

ஓலைச்சுருள் தம்பி இதைச் சொல்வார் என்று பார்த்தேன், சொல்லவில்லை. கிறிசோஸ்தம் 4ஆம் நூற்றாண்டுக்காரர், அந்தியோக்கியாவில் பிறந்து கிரேக்கத்தில் பிரசங்கம் செய்தவர். இந்த வசனத்துக்கு வரும்போது, அனோதென் என்பதற்குச் சிலர் ‘வானத்திலிருந்து’ என்கிறார்கள், சிலர் ‘தொடக்கத்திலிருந்து’ என்கிறார்கள் என்று சொல்லிவிட்டுப் போகிறார். தாய்மொழியாகப் பேசியவர்களே அன்றைக்கே இரண்டு கட்சி.

ஐந்தாம்வேற்றுமை | செவ்வாய் பகல் 1.05

மிக்க நன்றி சகோதரி. நன்றாகக் கவனியுங்கள். ஒன்று வானத்திலிருந்து, இன்னொன்று தொடக்கத்திலிருந்து. இரண்டிலும் ‘இருந்து’ இருக்கிறது. மூன்றாவதாக ‘மறுபடியும்’ என்று ஒரு கட்சி இருந்ததாகக் கிறிசோஸ்தம் சொல்கிறாரா? இல்லை. 16 நூற்றாண்டுகளுக்கு முன்பே வழக்கு முடிந்துவிட்டது.

வக்காலத்து | செவ்வாய் பகல் 1.07

தொடக்கத்திலிருந்து பிறப்பது என்றால் எப்படி சார்? விளக்குங்கள். ஒரு தடவை பிறந்தவன் தொடக்கத்திலிருந்து பிறந்தால் அதற்குப் பெயர் என்ன?

ஐந்தாம்வேற்றுமை | செவ்வாய் பகல் 1.08

தொடக்கத்திலிருந்து பிறப்பது.

ஓலைச்சுருள் | செவ்வாய் மாலை 6.15

இப்போது பழைய திரிக்குப் போய்ப் பார்த்தேன். என் முதல் பதிவில் மேற்கோளாகக் கொடுத்திருக்கிற உங்கள் வாக்கியம் அங்கே மாறியிருக்கிறது. ‘கிடையவே கிடையாது’ என்று இருந்த இடத்தில் இப்போது ‘பெரும்பாலும் கிடையாது’. கீழே ‘திருத்தியது: செவ்வாய் பகல் 1.30’ என்று மன்றமே முத்திரை குத்தியிருக்கிறது.

ஐந்தாம்வேற்றுமை | செவ்வாய் மாலை 6.40

எழுத்துப்பிழை திருத்தினேன்.

வக்காலத்து | செவ்வாய் மாலை 6.41

‘பெரும்பாலும்’ என்பது எந்த எழுத்தின் பிழை?

ஐந்தாம்வேற்றுமை | செவ்வாய் மாலை 6.55

ஒரு பதிவைத் திருத்தியதை வைத்துக் கும்மி அடிக்கிறீர்கள். கேட்ட கேள்விக்கு மூன்று நாளாகப் பதில் இல்லை. மறுபடியும் கேட்கிறேன். யோவான் எழுதியதில், பலின் இல்லாமல், 3ஆம் அதிகாரத்துக்கு வெளியே, ஒரே ஒரு இடம்.

குழித்தறி | செவ்வாய் இரவு 8.10

தம்பி, ‘மறுபடியும் கேட்கிறேன்’ என்று எழுதினீர்களே, அதைக் கிரேக்கத்தில் எப்படிச் சொல்வீர்கள்?

ஐந்தாம்வேற்றுமை | செவ்வாய் இரவு 8.12

பலின்.